போனைத் திருத்தக் கொடுக்கும்போது பின் (PIN) இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கல்லடி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கைத்தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போது அதன் பூட்டைத் திறக்கும் பின் (PIN) இலக்கத்தையோ பேட்டர்னையோ கடைக்காரரிடம் எழுதிக் கொடுப்பது உண்மையிலேயே அவசியமா, அவசியமில்லாவிட்டால் அதை மறுக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டா என்பதை, இந்தத் தொழிலில் இருப்பவர்களிடமும் சட்டம் அறிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கையின் சாம்சங் போன் கீழே விழுந்து அதன் டிஸ்ப்ளே வெடித்துவிட்டது. படம் தெரிகிறது, ஆனால் திரையின் கீழ்ப்பாதியில் டச் வேலை செய்யவில்லை. மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்குக் கொண்டு சென்றோம். முன்மேசையில் இருந்தவர் பெயரையும் தொடர்பு இலக்கத்தையும் பில்லில் எழுதிய கையோடு, லொக் என்னவென்று கேட்டார். டிஸ்ப்ளே மாற்றுவதற்கு அது எதற்கு என்று தங்கை கேட்டதற்கு, லொக் இல்லாமல் தாங்கள் வேலை எடுப்பதில்லை என்ற பதில்தான் கிடைத்தது. அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த இழுப்பறையில் பல போன்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டு, அதில் உரிமையாளரின் பெயரும் பின் இலக்கமும், சிலவற்றில் ஒன்பது புள்ளிகளை இணைத்து வரைந்த பேட்டர்ன் கோடும், கடைக்கு வந்து நின்ற எவரும் வாசிக்கக்கூடிய விதத்தில் இருந்தன. நாங்கள் போனைக் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

தங்கையின் போனில் இருப்பவை தங்கைக்கு மட்டும் சொந்தமானவை அல்ல என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. தோழிகள் விடுதி அறைக்குள் எடுத்துக்கொண்ட படங்கள், அம்மாவின் மருத்துவ அறிக்கைகள், அப்பாவின் அடையாள அட்டையின் இரு பக்கங்கள், வங்கிச் செயலி, வீட்டுப் பிரச்சினைகளைப் பேசிய குரல் பதிவுகள் எல்லாம் அந்த நான்கு இலக்கங்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அந்தத் தோழிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வேறு இரண்டு கடைகளில் விசாரித்தபோதும் அதே நிபந்தனையைத்தான் சொன்னார்கள். எல்லாக் கடைகளிலும் இதுதான் வழக்கமென்றால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?


கல்முனைத் திருத்துநர் எழுதியது:

சகோதரி, நான் கல்முனையில் பல வருடங்களாகப் போன் திருத்தி வருகிறேன். நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்ப்ளே, பற்றரி, சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர், கேமரா ஆகியவற்றை மாற்றுவதற்குப் பின் இலக்கம் தேவையில்லை. இவை ஸ்க்ரூட்ரைவரும் ஹீட் கன்னும் செய்கிற வேலைகள். பின் இலக்கம் தேவைப்படுவது வேலை முடிந்த பிறகு பரிசோதிப்பதற்குத்தான், அதிலும் பெரும் பகுதியைப் பூட்டைத் திறக்காமலே செய்து முடிக்கலாம்.

ஏன் கேட்கிறோம் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தவர் மறுநாள் வந்து, மைக் வேலை செய்யவில்லை, கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது என்பார். விழுந்த போனில் எது முன்னரே பழுதாகியிருந்தது, எது எங்கள் கைபட்டுப் பழுதானது என்று காட்டுவதற்கு எங்களிடம் சான்று இருக்க வேண்டும். அத்துடன், திருக்கோவிலிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து போனைக் கொடுத்துவிட்டு, சந்தை வேலைகளை முடித்துக்கொண்டு பின்னேரம் எடுத்துச் செல்பவர்கள் அதிகம். அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டுமென்றால் அவர்களுடைய ஒரே போன் எங்கள் மேசையில் கிடக்கிறது. இந்த நெருக்கடியில்தான் பின் இலக்கத்தை எழுதி ஒட்டும் பழக்கம் வந்தது. காரணம் நியாயமாக இருந்தாலும், தாளில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டுவதை எந்தக் காரணத்தாலும் நான் ஏற்கமாட்டேன். கடைக்கு வந்து போகும் பொடியன்கள், அயல் கடைக்காரர், தேநீர் கொண்டு வருபவர் என எல்லோர் கண்ணிலும் அது படுகிறது.

பூட்டிய நிலையில் எதையெல்லாம் சோதிக்கலாம் என்று சொல்கிறேன், ஏனென்றால் முடியாது என்று சொல்லும் கடைக்காரரிடம் நீங்கள் இதைச் சொல்லிக் கேட்கலாம். டச் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதா என்பதை பின் இலக்கம் கேட்கும் திரையிலும் அவசர அழைப்புத் திரையிலும் தட்டிப் பார்க்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் பூட்டைத் திறக்காமலே கேமரா திறக்கும். முன் கேமரா, பின் கேமரா, ஃப்ளாஷ் மூன்றையும் அதிலேயே பார்த்துவிடலாம். அப்படித் திறக்கும் கேமராவில் அப்போது எடுத்த படங்கள் மட்டுமே தெரியும், பழைய கேலரிக்குள் போக முடியாது. மைக், காதில் வைக்கும் ஸ்பீக்கர், காதருகே கொண்டு போகும்போது திரையை அணைக்கும் சென்சர் ஆகியவற்றுக்கு, கடையின் சிம் ஒன்றைப் போட்டு வெளியிலிருந்து ஓர் அழைப்பை எடுத்தால் போதும். வரும் அழைப்புக்குப் பதிலளிக்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. சார்ஜ் ஏறுவது பூட்டுத் திரையிலேயே தெரியும். கைரேகை சென்சரை மட்டும் உரிமையாளர் எடுக்க வரும்போது அவரைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழியொன்று உங்கள் தங்கையின் போனிலேயே இருக்கலாம். சாம்சங் நிறுவனம் 2022 இல் மெயின்டெனன்ஸ் மோட் என்ற வசதியை முதலில் தென் கொரியாவிலும், பின்னர் மற்ற நாடுகளிலும் கொண்டு வந்தது. ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இயங்கும் அவர்களுடைய போன்கள் பலவற்றில் இது உண்டு, எல்லா மலிவு மாதிரிகளிலும் இல்லை. அமைப்புகளின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். அதை இயக்கியதும் போன் அணைந்து மீண்டும் எழும்போது, புதிதாக வாங்கிய போனைப் போலப் படங்களோ செய்திகளோ கணக்குகளோ இல்லாமல் எழும். நாங்கள் அதில் எல்லாச் சோதனைகளையும் செய்யலாம், உங்கள் தரவுகளுக்குள் போக முடியாது. அதிலிருந்து வெளியேற உரிமையாளரின் பின் இலக்கமோ கைரேகையோ வேண்டும், வெளியேறும்போது நாங்கள் அதற்குள் செய்தவையெல்லாம் அழிந்துவிடும். கூகுள் பிக்சல் போன்களுக்கும் இதே போன்ற வசதி 2023 டிசம்பரில் வந்தது, ஆனால் நம் பக்கத்தில் பிக்சல் வைத்திருப்பவர்கள் குறைவு.

டச் பாதிதான் வேலை செய்கிறது என்றீர்கள். அதற்கு, போனின் சார்ஜிங் போர்ட்டில் மவுஸ் போன்றவற்றை இணைக்க உதவும் ஓ.டி.ஜி. கேபிள் ஒன்றில் கணினியின் மவுசைச் செருகினால் திரையில் அம்புக்குறி தோன்றும். உங்கள் தங்கை வீட்டிலிருந்தே அந்த மவுசால் பின் இலக்கத்தைத் தட்டி, முக்கியமானவற்றைப் பேக்கப் எடுத்து, மெயின்டெனன்ஸ் மோடை இயக்கிவிட்டுக் கடைக்குக் கொண்டு போகலாம். படமே தெரியாத போன் என்றால், நாங்கள் புதிய டிஸ்ப்ளேயை ஒட்டுவதற்கு முன் சும்மா செருகிப் பார்ப்பது வழக்கம். அந்த நேரத்தில் உரிமையாளரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே திறந்து அந்த மோடில் போட வைத்துவிட்டு, பிறகு ஒட்டி முடிக்கலாம். ஐந்து நிமிட வேலை.

பின் இலக்கமோ கணக்கின் கடவுச்சொல்லோ இல்லாமல் முடியாத வேலைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்கக்கூடாது. மென்பொருள் பழுதாகி முழுவதும் அழித்து மீள ஏற்றிய போனில், முன்பிருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காவிட்டால் உள்ளே போக முடியாது. திருட்டைத் தடுப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதேபோல், நீரில் விழுந்து செத்த போனிலிருந்து படங்களை மீட்க வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த போன்கள் முதல் எல்லாத் தரவும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் (பூட்டைத் திறக்காமல் வாசிக்க முடியாத வடிவில் இருப்பதால்), மதர்போர்ட்டை உயிர்ப்பித்த பின்னரும் பின் இலக்கம் இல்லாமல் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது. இந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் உரிமையாளர் கடையில் இருந்து தானே தட்டிக் கொடுப்பதுதான் முறை. அதற்கு நேரம் ஒதுக்க மாட்டேன் என்கிற கடையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.


ஆரையம்பதி மூத்தவர் எழுதியது:

தங்கச்சி கேட்டதில் பிழையில்லை. ஆனால் எல்லாக் கடைக்காரரையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலைக்கு இது நம்மைக் கொண்டு போய்விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நமது ஊர்களில் இந்தக் கடைகளை நடத்துபவர்கள் நமக்குத் தெரிந்த பிள்ளைகள். தெரியாத பிள்ளை என்றால் அவருடைய தகப்பனைத் தெரியும். வீட்டில் வேலை செய்ய வரும் தச்சனிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய் வந்த மக்கள் நாம். ஒரு கடையில் ஒரு தவறு நடந்தால் அந்தச் செய்தி மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிடும், அதன் பிறகு அந்தக் கடைக்கு யார் போவார்கள்? அந்தப் பயம் சட்டத்தைவிட வலிமையானது. பின் இலக்கத்தைத் தர மறுத்தால், அந்தப் பிள்ளை தன்னைக் கள்ளன் என்று நினைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வான். எனவே நல்ல கடையைத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்த பின் நம்புங்கள் என்பதே என் ஆலோசனை.


அக்கரைப்பற்றுச் சட்டத்தரணி எழுதியது:

ஐயா சொன்ன அயலவர் நம்பிக்கையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை இங்கே பொருந்தாததற்கு ஒரு காரணம் உண்டு. தச்சன் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் பொருள் காணாமற்போகும், நாம் அறிவோம். போனிலிருந்து ஒரு படத்தைப் பிரதியெடுத்தால் நம்மிடம் எதுவும் குறைவதில்லை. ஆகவே தவறு நடந்ததே தெரிய வராது, தெரிய வராத தவறுக்கு ஊர்ப் பயமும் வேலை செய்யாது. தெரிய வந்த பின்னரும் ஒரு பெண் அதை ஊரில் சொல்லத் துணிவாளா என்பதையும் ஐயா எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்ச் செய்தி கடைக்காரரைத் தண்டிப்பதற்கு முன்னர் அந்தப் பெண்ணைத்தான் தண்டிக்கும்.

பெரிய நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் 2016 இல் தமது ஐபோனைத் திருத்தக் கொடுத்தபோது, ஆப்பிளுக்காக வேலை செய்த கலிபோர்னியத் திருத்தகம் ஒன்றின் தொழில்நுட்பவியலாளர்கள் அவருடைய அந்தரங்கப் படங்களை அவருடைய பேஸ்புக் கணக்கிலேயே பதிவேற்றினார்கள். ஆப்பிள் பல மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது 2021 இல் வெளியே வந்தது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிறு பழுதுள்ள மடிக்கணினிகளை 16 திருத்தகங்களில் கொடுத்து, உள்ளே என்ன நடந்தது என்பதை இரகசியமாகப் பதிவு செய்து பார்த்தார்கள். அவற்றில் 6 இடங்களில் வாடிக்கையாளரின் தனிப்பட்ட கோப்புகள் திறந்து பார்க்கப்பட்டிருந்தன, 2 இடங்களில் அவை வெளியே பிரதியெடுக்கப்பட்டிருந்தன. இதைச் சொல்வது கல்முனைச் சகோதரரைப் போன்ற நேர்மையானவர்களைக் குறை கூறுவதற்காக அல்ல. நேர்மையானவர் யாரென்று முன்மேசைக்கு இப்பால் நிற்பவரால் அறிய முடியாது என்பதனால்தான் பின் இலக்கத்தைக் கொடுக்காமல் இருப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எல்லா வாடிக்கையாளரும் மறுத்தால் அது எந்தக் கடைக்காரருக்கும் அவமதிப்பாகத் தோன்றாது.

இனி சட்ட நிலை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரம் தமக்கு இல்லையென்று அறிந்தும் ஒரு கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைவதற்கென ஒருவர் வேண்டுமென்றே செய்யும் செயலைக் குற்றமாக்குகிறது. அதற்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத தண்டமோ, ஐந்து வருடங்கள் வரையான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கணினி என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரைவிலக்கணம் விரிவானது; தகவலைக் கையாளும் திறனுள்ள மின்னணுச் சாதனங்களை உள்ளடக்குவதால் கைத்தொலைபேசியும் அதற்குள் வரும். டிஸ்ப்ளேயைச் சோதிப்பதற்காகக் கொடுத்த பின் இலக்கம் கேலரியைப் பார்ப்பதற்கான அனுமதி ஆகாது என்பது என் நிலைப்பாடு. ஆனால் வாடிக்கையாளர் தாமாகவே எழுதிக் கொடுத்திருந்தால், அனுமதியின் எல்லை எது என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய நிலை ஏற்படும். பில்லில் ஒரு வரி எழுதுவித்துக்கொண்டால் அந்த வாதத்துக்கே இடமிருக்காது. டிஸ்ப்ளே மாற்றுவதற்கு மட்டும், பூட்டு திறக்கப்படமாட்டாது என்று எழுதினாலே போதுமானது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவருடைய தரவைக் குறித்த நோக்கத்துக்கு மட்டும், அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கையாள வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் அடங்கும். பின் இலக்கத்தைத் தாளில் எழுதி இழுப்பறையில் வைப்பது அந்தக் கோட்பாட்டோடு எந்த வகையிலும் ஒத்துப்போகாது. இச்சட்டத்தின் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. பாராளுமன்றம் சட்டம் இயற்றியும் மக்கள் அதன் பயனைப் பெறக் காத்திருக்க வேண்டி வந்தது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

மறுக்கும் உரிமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு. பின் இலக்கத்தைக் கொடுக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்காரர் வேலையை ஏற்காமல் விடலாம், அது அவருடைய உரிமை. ஆனால் வேலையை ஏற்றுக்கொண்டால் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்யும் பொறுப்பு அவருக்கு உண்டு. பற்றுச்சீட்டுத் தர மறுத்தாலோ, பழைய பாகத்தைப் புதியதென்று போட்டாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். படங்கள் வெளியே போய்விட்டன என்ற சந்தேகம் வந்தால், எதையும் அழித்துவிடாமல், கண்ட இடத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் இணைப்பையும் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். கணக்குகளைப் பாதுகாப்பதற்கான ஆலோசனையை இலங்கைக் கணினி அவசர நடவடிக்கைப் பிரிவான சேர்ட் (CERT) நிறுவனத்திடம் 101 என்ற இலக்கத்தில் பெறலாம்.


கல்லடி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையின் போனில் ஆண்ட்ராய்டு 13 இருக்கிறது, மவுசைச் செருகித் தேடியபோது கல்முனைச் சகோதரர் சொன்ன மெயின்டெனன்ஸ் மோட் வசதியும் கிடைத்தது. இன்னுமொரு கேள்வி. அம்மாவின் போனைச் சில மாதங்களுக்கு முன்னர் பின் இலக்கத்தோடுதான் ஒரு கடையில் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். அது வேறு நிறுவனத்தின் பழைய மாதிரி. அதற்குள் யாராவது எதையாவது செய்துவிட்டுப் போயிருந்தால் இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?


படுவான்கரைப் பெண்கள் குழுச் செயற்பாட்டாளர் எழுதியது:

உங்கள் உரையாடலை எங்கள் பக்கத்து நிலைமையிலிருந்து வாசித்தேன். மேலே சொல்லப்பட்ட வழிகளில் பல உரிமையாளர் கடையில் நிற்பார் என்ற எடுகோளில் அமைந்திருக்கின்றன. மண்டூரிலும் அதற்கு உள்ளே இருக்கும் கிராமங்களிலும் ஒரு பெண்ணின் போன் பழுதானால், அவர் அதைப் பெரும்பாலும் தாமே கொண்டு போவதில்லை. குருமண்வெளிப் பாதையால் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகால்) களுவாஞ்சிகுடிக்குப் போகிற அயல்வீட்டுத் தம்பியிடமோ, வகுப்புக்குப் போகிற பையனிடமோ கொடுத்து அனுப்புகிறார், கூடவே பின் இலக்கத்தை ஒரு தாளில் எழுதியும் அனுப்புகிறார். அப்படியானால் கடைக்காரருக்கு முன்னரே இன்னொருவர் கைக்கு அது போய்விட்டது. அந்தப் போனில் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவர் இரவில் பேசிய குரல் பதிவுகளும், அவருடைய கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் படங்களும், பணம் வரும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கமும் இருக்கின்றன.

ஆகவே எங்கள் குழுக் கூட்டங்களில் நாங்கள் சொல்வது எளிமையானது. போன் வீட்டை விட்டுப் போவதற்கு முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டில் இருக்கும் படங்களைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் எந்தப் பின் இலக்கமும் வேண்டியதில்லை, அதை எடுத்து வேறொரு போனில் போட்டாலே திறந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. சிம் கடையில் கிடந்தால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. இலக்கமும் அங்கேதான் போகும். கொடுத்து அனுப்புகிறவரிடம் பின் இலக்கத்தைச் சொல்லாதீர்கள். பூட்டிய நிலையில் சோதித்துத் தந்தால் போதும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். கல்முனை அண்ணர் எழுதிய சோதனை முறைகளை அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

இதனோடு சேர்த்துப் பேசியாக வேண்டிய இன்னொரு வழக்கம் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் பின் இலக்கத்தைவிட அதுதான் அதிக துன்பத்தைத் தருகிறது. புதிய போன் வாங்கும் பெண்களுக்குக் கூகுள் கணக்கையும் பேஸ்புக் கணக்கையும் கடையிலேயே உருவாக்கிக் கொடுக்கிறார்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரரே தெரிவு செய்கிறார். பலருக்கும் ஒரே கடவுச்சொல். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்பதற்கான மீட்பு இலக்கமாகக் கடையின் தொலைபேசி இலக்கத்தையே போட்டுவிடுவதும் உண்டு. அந்தப் பெண்ணுக்குத் தம் பெயரில் ஒரு மின்னஞ்சல் இருப்பதே தெரியாது. பிறகு பிள்ளைகள் தவறுதலாகப் போனை முழுவதும் அழித்துவிட்டால், திறப்பதற்குக் கூகுள் பழைய கணக்கைக் கேட்கிறது, அந்தப் பெண் அதே கடைக்குப் போய்க் காசு கொடுத்துத் திறந்து வர வேண்டியிருக்கிறது. அவர் எடுக்கும் படங்கள் அந்தக் கணக்கில் தானாகவே சேமிக்கப்படுகின்றன என்றால், கடவுச்சொல்லை அறிந்த எவரும் எங்கிருந்தும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

போரின் காலத்தில் யார் கேட்டாலும் அடையாள அட்டையையும் குடும்ப விபரத்தையும் நீட்டியே பழகியவர்கள் எங்கள் தாய்மார். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பது ஆபத்தாக இருந்த நாட்கள் அவை. கடை மேசைக்கு அப்பால் இருந்து ஒருவர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவதில் அந்தப் பழக்கத்தின் பங்கும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆரையம்பதி ஐயா இதை நம்பிக்கை என்கிறார். நான் நேரில் பார்த்த பெண்களில் பலர் நம்பிக்கையினால் அல்ல, மறுக்கலாம் என்பது தெரியாததனால்தான் கொடுக்கிறார்கள்.


ஆரையம்பதி மூத்தவர் எழுதியது:

மகள் சொன்ன கடைசி விடயத்தை நான் மறுக்கப் போவதில்லை. சோதனைச் சாவடியில் நின்ற நாட்கள் எனக்கும் நினைவிருக்கின்றன. கடவுச்சொல்லைக் கடையே வைத்திருப்பது பிழையென்பதை ஏற்கிறேன். ஆனாலும் இந்தப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காமல், முறையை எடுத்துச் சொல்லிச் செய்விக்க வேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை.


கல்முனைத் திருத்துநர் எழுதியது:

ஐயா சொன்னபடி சண்டை தேவையில்லை. அந்தத் தாளை ஒட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளர் தன்மையாகச் சொன்னால் பெரும்பாலான கடைகள் ஏற்றுக்கொள்ளும்.

அம்மாவின் போனைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் பின் இலக்கத்தை மாற்றுங்கள். அதே அமைப்புப் பகுதியில் பதிவாகியிருக்கும் கைரேகைகளைப் பாருங்கள், அம்மாவுடையதல்லாத ஒன்று இருந்தால் அழித்துவிடுங்கள். பின் இலக்கத்தை மாற்றினாலும் மேலதிகமாகச் சேர்த்த கைரேகை அப்படியே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்து வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறவுங்கள். ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், அதற்குப் போனைச் சில விநாடிகள் கையில் வைத்திருந்தாலே போதும். அம்மா கணினியில் வாட்ஸ்அப் பாவிப்பதில்லை என்றால் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். எதுவும் தெரிந்தால் அதைத் தட்டி வெளியேற்றிவிட்டு, இரு-படிச் சரிபார்ப்பையும் (வாட்ஸ்அப்புக்கென்றே தனியாக ஒரு பின் இலக்கம் வைப்பதை) இயக்குங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அந்தக் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும், மீட்பு இலக்கமும் மின்னஞ்சலும் இருக்கும். அங்கே தெரியாத சாதனமோ இலக்கமோ இருந்தால் நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். படுவான்கரைச் சகோதரி சொன்ன பெண்களுக்கும் இதே வழிதான், ஆனால் அவர்களுடைய கடவுச்சொல்லைப் புதிதாகத் தெரிவு செய்யும்போது அவர்களே தட்ட வேண்டும், வேறு யாரும் அருகில் நின்று பார்க்கக் கூடாது.

கடைசியாக, அணுகல்தன்மை (Accessibility) என்ற அமைப்புப் பகுதியில் எந்தச் செயலிக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திரையில் நடப்பதை வாசிக்கக்கூடிய உளவுச் செயலிகள் பெரும்பாலும் அந்த அனுமதியைத்தான் பாவிக்கின்றன. பெயர் தெரியாத ஏதாவது அங்கே இயங்கினால், அதன் பெயரை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அம்மாவின் போன் பழையது என்பதால் அதில் மெயின்டெனன்ஸ் மோட் இராது. சில நிறுவனங்களின் போன்களில் விருந்தினர் பயனர் என்ற வசதி இருக்கும், அடுத்த முறை திருத்தக் கொடுக்கும்போது அதற்கு மாற்றிவிட்டுக் கொடுத்தால் அம்மாவின் படங்களும் செய்திகளும் அந்தப் பக்கத்தில் தெரியாது.